அத்தா பேன் பார்த்த வாரம்

காரியாபட்டியிலிருந்து தங்கைக்கு லேசாக வலி கண்டிருக்கிறதென்று போன் வந்ததும் ஷஹீனா ஒரு பையில் நாலு சேலையைத் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். தாயில்லாமல் வளர்ந்த அக்கா தங்கை அவர்கள். தங்கைக்குத் தாய் ஸ்தானத்தில் இருந்தது ஷஹீனாதான். மகள் ரைஹானாவையும் கூடவே கூட்டிப் போயிருப்பாள். ஆனால் மறுநாள் திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புக்குக் காலாண்டுப் பரீட்சை தொடங்குகிறது. வேறு வழியில்லாமல் மகளைக் கணவனிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டாள்.

அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் ஜன்னலோரத்தில் இடம் பிடித்தவள், கீழே நின்ற அனீஸிடம், "முட்டை அவிச்சுக் குடுத்தா வெள்ளையை மட்டும்தான் தின்பா. பாலை நல்லா ஆத்திக் குடுங்க. ஒண்ணும் ஓடலைன்னா பக்கத்து வீட்டுச் சௌடேஸ்வரியைக் கேளுங்க" என்றாள். பஸ் நகர்ந்த பிறகும் எதையோ சொல்லிக்கொண்டே போனாள். இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. எல்லாம் கேட்டதுபோல அனீஸ் தலையை ஆட்டினான்.

பக்கத்தில் ரைஹானா பஸ் போன திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"வீட்டுக்குப் போவமா தாயி?"

தலையை மட்டும் அசைத்தாள். ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டவள் அவன் சட்டையைப் பிடிக்காமல், ஸீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

முகம்மது அனீஸ் பதினோரு வருஷம் சவுதியில் தம்மாமில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். போதும் என்று ஊருக்கே வந்து, திருச்சுழி ரோட்டில் சின்னதாக ஒரு கடை போட்டு நாலு மாதமாகிறது. அங்கே இருந்தவரைக்கும் மகள் போனில் அவனோடு வாய் ஓயாமல் பேசுவாள். பல் விழுந்தது, பூனை குட்டி போட்டது, டீச்சர் திட்டியது எல்லாம் அன்றன்றைக்கே அவனுக்குத் தெரிந்துவிடும். இப்போது ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறான், அவளுக்குப் பேச்சு வரமாட்டேனென்கிறது. ஏதாவது வேண்டுமென்றால் தாயின் காதில்போய், "அவுககிட்ட சொல்லும்மா" என்பாள். விருந்தாளி எப்போது ஊருக்குப் போவார் என்று பார்ப்பதுபோல ஒரு பார்வை. எந்த ஏசியின் சத்தத்தைக் கேட்டும் கோளாறு எங்கே என்று அனீஸ் சொல்லிவிடுவான். இந்தச் சத்தமில்லாமையில் எந்த ஸ்க்ரூவைக் கழற்றுவது என்றுதான் அவனுக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை காலையில் அவளுடைய தலைமுடி அவனைத் திணறடித்தது. இடுப்பைத் தொடும் முடி. இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டியாக வேண்டும். சீப்பை எங்கே வைத்து இழுத்தாலும் சிக்கியது. கடைசியில் மொத்தத்தையும் அள்ளி ஒரே ரப்பர் பேண்டில் அடக்கிவிட்டான். ரைஹானா கண்ணாடியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பையைத் தூக்கிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து அழைப்பு வந்தது. வேலையைப் பாதியில் போட்டுவிட்டு ஓடினான். வகுப்பு ஆசிரியை சௌந்தரம் அவனை வராந்தாவுக்கு அழைத்துவந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்.

"தலையில பேன் நெறைய இருக்கு சார். ஒரு கை பென்சில்ல இருக்கு, ஒரு கை தலையில இருக்கு. புள்ளை எப்படி எழுதுவா? வீட்டுல பாத்து எடுத்து விடுங்க."

அனீஸுக்கு முகம் சுண்டிவிட்டது. "நல்லாத்தான் குளிப்பாட்டுறோம் டீச்சர்."

"குளிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல சார். ஒரு தலையோட ஒரு தலை ஒட்டுனா தொத்திக்கிரும். பாதி வகுப்புக்கு இருக்கு. நாளைக்கும் பரீட்சைக்கு அனுப்புங்க. சீவிச் சீவி எடுத்தாலே போயிரும்."

மகளை அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், அடுத்த வீட்டு வாசலில் நின்ற பாலமணிகண்டனிடம் விஷயத்தைச் சொன்னான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். சௌடேஸ்வரியின் புருஷனான பாலமணிகண்டன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு விசைத்தறி ஓட்டுகிறான். மீசையிலும் புருவத்திலும் எந்நேரமும் பஞ்சு ஒட்டியிருக்கும்.

"ஏலே, இதுக்கா மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்க? கடைக்குக் கூட்டிட்டுப் போயி மொட்டையப் போட்டு விடு. பேனும் போச்சு, சீவுற வேலையும் போச்சு" என்றான் அவன்.

அனீஸுக்கு அது நியாயமாகவே பட்டது. பழுது பார்க்க முடியாத பாகத்தை மாற்றிவிடுவதுதானே வழக்கம். சாயங்காலம், "வா தாயி, கடைவீதிக்குப் போயிட்டு வருவோம்" என்று மட்டும் சொல்லி மகளைக் கூட்டிப்போனான். மொட்டை என்கிற வார்த்தையை அவளிடம் சொல்ல ஏனோ வாய் வரவில்லை.

முனீஸ்வரனின் சலூனில் கூட்டமில்லை. முனீஸ்வரன் நாற்காலியின் கைப்பிடிகளுக்குக் குறுக்கே, பிள்ளைகள் உட்காரும் பலகையைப் போட்டார். துணியை உதறிக்கொண்டே, "மொட்டையா பாய்?" என்று கேட்டார்.

ரைஹானா அத்தாவை நிமிர்ந்து பார்த்தாள். அனீஸ் பதில் சொல்வதற்குள் அவள் கை அவன் கையிலிருந்து உருவிக்கொண்டது. அடுத்த நிமிஷம் அவள் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தாள்.

"ஏ ரைஹானா, நில்லு" என்று பின்னாலேயே ஓடினான். செருப்பு வார் அறுந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது தெருவில் அவளைக் காணோம். நெசவுக்காரர்கள் தெருக்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து புறப்படுபவை. எந்தச் சந்தில் திரும்பினாள் என்று தெரியவில்லை. பள்ளிவாசல் பக்கம் பார்த்தான். பள்ளிக்கூடத்து கேட்டில் பார்த்தான். மிட்டாய்க் கடையில் கேட்டான். அந்நேரம் பார்த்துச் சட்டைப் பைக்குள் போன் அடித்தது. ஷஹீனா. பிள்ளை எங்கே என்று கேட்டால் என்ன சொல்வது? அடித்து ஓயட்டும் என்று விட்டுவிட்டான். ஒற்றைச் செருப்போடு தன் தெருவுக்கே திரும்பி வந்தபோது, தறிக்கொட்டகை வாசலில் நின்ற சௌடேஸ்வரி கையை ஆட்டிக் கூப்பிட்டாள்.

உள்ளே தறிகள் தடதடத்துக்கொண்டிருந்தன. நூல் மூட்டைகளுக்குப் பின்னால் ரைஹானாவும் பாலமணிகண்டனின் மகள் ஸ்ரீமதியும் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். ரைஹானா இரண்டு கைகளாலும் தன் தலையைப் பொத்திக்கொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் அனீஸ் அங்கேயே ஒரு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டான்.

பாலமணிகண்டன் தறிகளை நிறுத்தினான். கொட்டகை சட்டென்று அமைதியாயிற்று. அந்த அமைதியில் ரைஹானா சௌடேஸ்வரியைப் பார்த்து, மூச்சுவிடாமல் படபடவென்று தெலுங்கில் என்னவோ சொன்னாள்.

அனீஸ் திகைத்துப்போனான். "இவளுக்குத் தெலுங்கு தெரியுமா?"

"நடக்கப் பழகுனதுல இருந்து இந்த வீட்டுலதான கெடக்கா அண்ணே. எங்க வீட்டுல பேசுறதைக் கேட்டே பழகிட்டா. ஒங்களுக்குத் தெரியாதாக்கும்."

"இப்ப என்ன சொல்றா?"

சௌடேஸ்வரி தமிழில் சொன்னாள். "அத்தா சொன்னாகன்னுதான் முடி வளத்தேன். இப்ப அவுகளே வெட்டச் சொன்னா எப்படின்னு கேக்குறா."

அனீஸுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு மெல்ல நினைவுக்கு வந்தது. மூன்று வருஷத்துக்கு முன்னால் விடுமுறை முடிந்து போனவன், போனில் ஒரு நாள் பேச்சோடு பேச்சாக, 'அடுத்த தடவை நான் வாரதுக்குள்ள முடியை இடுப்பு வரைக்கும் வளத்து வைக்கணும், என்ன?' என்று சொல்லியிருந்தான். சொன்னதோடு மறந்தும் போனான். பிள்ளை மறக்கவில்லை. நுனியைக் கூட வெட்ட விடமாட்டாள், சண்டைக்கு வருவாள் என்று சௌடேஸ்வரி சொன்னாள்.

அனீஸ் மூட்டையிலிருந்து இறங்கி மகளுக்கு எதிரே குத்தவைத்து உட்கார்ந்தான். "வெட்ட மாட்டேன் தாயி. ஒங்கிட்டக் கேக்காம கூட்டிட்டுப் போனது தப்பு. யாரு சொன்னாலும் வெட்ட மாட்டேன்."

"நான் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்லே" என்று பின்னாலிருந்து பாலமணிகண்டன் முனகினான்.

ரைஹானா கையைத் தலையிலிருந்து எடுத்தாள். சௌடேஸ்வரியிடம் மறுபடி தெலுங்கில் சின்னதாக ஒரு கேள்வி.

"அப்பப் பேனை என்ன செய்வாகன்னு கேக்குறா" என்றாள் சௌடேஸ்வரி. "நீங்க விடுங்கண்ணே, நான் பாத்து எடுத்து விடுறேன்."

"இல்ல தங்கச்சி. எப்படின்னு மட்டும் சொல்லு. நானே எடுக்குறேன்."

வீட்டுக்குப் போனதும் அனீஸ் காரியாபட்டிக்குப் போன் போட்டான். தங்கைக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது, சுகப்பிரசவம். சந்தோஷத்தில் கொஞ்சம் அழுதுவிட்டு ஷஹீனா கேட்டாள். "அப்ப அடிச்சேனே, ஏன் எடுக்கல?"

"ஒரு வேலையில மாட்டிக்கிட்டேன்" என்றான் அனீஸ். சொல்லிவிட்டுத் திரும்பினால் ரைஹானா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் உதடு ஒரு பக்கமாகச் சுழித்தது. சிரிப்பை அடக்குகிறாள். போனை அவளிடம் கொடுத்தபோது, சலூனைப் பற்றியோ ஓட்டத்தைப் பற்றியோ அவளும் தாயிடம் மூச்சுவிடவில்லை.

மறுநாள் பரீட்சை முடிந்து வந்ததும் மொட்டை மாடியில் வேலை தொடங்கியது. சௌடேஸ்வரி சொன்னபடி தேங்காயெண்ணெய், பல் நெருக்கமான பேன் சீப்பு, சிக்கெடுக்க அகலப் பல் சீப்பு, வெள்ளைத் துண்டு எல்லாம் தயார். மகளை ஸ்டூலில் உட்காரவைத்துத் துண்டைத் தோளில் விரித்தான். வெயில் சாய்ந்திருந்தாலும் முடிக்குள்ளே இருட்டாகத்தான் இருந்தது. கீழே போய், ஏசி வேலைக்கு நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கை எடுத்துக் கட்டிக்கொண்டு வந்தான்.

ரைஹானா திரும்பிப் பார்த்தாள். நெற்றியில் விளக்கு, ஒரு கையில் சீப்பு, தோளில் துண்டு. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைக்குள்ளிருந்து சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது.

"என்ன சிரிப்பு? வேலைன்னா வெளக்கு வேணும்ல."

ஆரம்பம் அத்தனை சரியாக இல்லை. உச்சியில் சீப்பை வைத்து இழுத்தான். "ஆ" என்று அவள் ஸ்டூலைவிட்டு எழுந்துவிட்டாள். அனீஸ் யோசித்தான். ஏசிக்குள்ளே தாள்போல மெல்லிய தகடுகள் வரிசையாக இருக்கும். அவை மடங்கிவிட்டால் நிமிர்த்துவதற்கென்றே ஒரு சீப்பு உண்டு. அவசரப்பட்டு இழுத்தால் தகடு கிழிந்துவிடும். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கவேண்டும். அதை இத்தனை வருஷம் செய்தவனுக்கு இது வராதா என்ன? எண்ணெயை நன்றாகத் தேய்த்தான். அடி நுனியிலிருந்து சிக்கெடுத்துக்கொண்டே மேலே வந்தான். முடியை ஒரு கையால் வேருக்குப் பக்கத்தில் இறுகப் பிடித்துக்கொண்டு மறு கையால் சீவினான். இழுப்பு பிடித்த கையோடு நின்றது, தலைக்குப் போகவில்லை. சிக்கு விட்டதும் முடியைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து க்ளிப் போட்டு, ஒவ்வொரு பாத்தியாகப் பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை இழுத்துத் துண்டில் துடைத்தான்.

"இப்ப வலிக்குதா?"

"இல்ல."

அது ஒரு வார்த்தைதான். ஆனால் அவனிடமே நேராகச் சொன்ன வார்த்தை.

காதுக்குப் பின்னாலும் பிடரியிலும்தான் கூட்டம். வெள்ளைத் துண்டில் விழுந்ததும் ஓடப் பார்க்கும். ரைஹானா அதைக் கட்டைவிரல் நகத்தில் வைத்து நசுக்குவாள். 'டிக்'கென்று சத்தம் கேட்டால் அவளுக்கு அப்படி ஒரு திருப்தி. ஈர்தான் பெரிய தொல்லை. முடியோடு முடியாக ஒட்டிக்கொண்டிருக்கும். சீப்புக்கு வராதவற்றை நகத்தால் பிடித்து நுனிவரை உருவி எடுக்கவேண்டும். ஈரை விட்டுவைத்தால் ஒரு வாரத்தில் மறுபடி பேன் வந்துவிடும் என்று சௌடேஸ்வரி எச்சரித்திருந்தாள்.

முதுகு காட்டி உட்கார்ந்திருப்பதில் அவளுக்கு ஒரு சௌகரியம் கிடைத்திருக்கவேண்டும். அத்தாவின் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, குரல் மட்டும் பின்னாலிருந்து வருகிறது. போன் மாதிரிதான். கொஞ்சங்கொஞ்சமாகப் பேச்சு வந்தது. இங்கிலீஷ் பரீட்சையில் 'அம்ப்ரெல்லா'வுக்கு எழுத்துக் கூட்ட வரவில்லை, படம் வரைந்து வைத்துவிட்டு வந்தேன் என்றாள். ஸ்ரீமதியின் பல் தறிக்கட்டையில் இடித்து விழுந்த கதையைச் சொன்னாள். பிறகு ஒரு கேள்வி.

"அத்தா, ஒட்டகத்துக்குப் பேன் இருக்குமா?"

"நான் அங்க ஏசியைத்தான் பாத்தேன். ஒட்டகத்தோட தலையை எவன் பாத்தான்?"

"இருக்கும். அதுக்குச் சீவிவிட ஆளு இல்லைல."

அவள் 'அத்தா' என்று சொன்னதை அவள் கவனிக்கவில்லை. அனீஸ் கவனித்தான். சீப்பு அப்படியே முடியில் நின்றுவிட்டது. "ஏன் நிப்பாட்டிட்டீக?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல, ஒரு ஈரு" என்று சொல்லிச் சமாளித்தான்.

தலையணை உறைகளையும் துண்டுகளையும் கொதிக்கும் தண்ணீரில் போட்டெடுத்து, மாடியில் காயப்போட்டான். வியாழக்கிழமை மறுபடி உட்கார்ந்தார்கள். அகப்படும் பேன்களுக்கு ரைஹானா பட்டப்பெயர் வைக்கத் தொடங்கினாள். பெரியது ஹெட்மாஸ்டர், வேகமாக ஓடுவது மதுரை பஸ்ஸு, மெதுவாகப் போவது மினிபஸ்ஸு. சடை பின்னவும் அவளே சொல்லிக்கொடுத்தாள். மூன்று பிரியாகப் பிரித்து, எந்தப் பிரி எதன்மேல் போகவேண்டும் என்று முதுகுக்குப் பின்னால் கையை வளைத்துக் காட்டுவாள். வெள்ளிக்கிழமை காலையில் இரட்டைச் சடையோடு பள்ளிக்கூடம் போனாள். ஒரு சடை கிழக்கேயும் ஒன்று தெற்கேயும் பார்த்தது. அதனாலென்ன, அவிழாமல் திரும்பி வந்தது.

அன்று ஜும்மா தொழுகையில் அனீஸுக்குத் தலை அரித்தது. அரிப்பென்றால் சாதாரண அரிப்பில்லை. சொறியவும் முடியாமல் சும்மாயிருக்கவும் முடியாமல் தவித்துப்போனான். சாயங்காலம் மாடியில் மகளிடம் மெதுவாகச் சொன்னான். அவள் உடனே ஸ்டூலைவிட்டு எழுந்தாள்.

"ஒக்காருங்க."

"எனக்கெல்லாம் இருக்காது தாயி."

"ஒக்காருங்கன்னா."

விளக்கைக் கேட்டு வாங்கித் தன் நெற்றியில் மாட்டிக்கொண்டாள். அது நழுவி மூக்கில் வந்து உட்கார்ந்தது. மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, அவன் தலைமேல் குனிந்தாள். சின்ன விரல்கள் முடியைப் பிளந்துகொண்டு போவது அவனுக்குச் சுகமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டான்.

"அத்தா, இங்க ஒரு ஹெட்மாஸ்டர் இருக்காரு" என்றாள் ரைஹானா.

அந்நேரம் படியேறி வந்த பாலமணிகண்டன் இந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சிரித்து முடியவில்லை, பின்னாலேயே வந்த ஸ்ரீமதி தன் தலையைச் சொறிந்தாள். ரைஹானா விளக்கை அவள் பக்கம் திருப்பினாள். இரண்டு தலைகளும் சேர்ந்தே திரிந்தவை, கேட்கவேண்டுமா?

"மொட்டையப் போட்டு விடுவமாலே?" என்று அனீஸ் கேட்டான்.

"வாயை மூடிட்டுச் சீப்பை இங்க குடு" என்றான் பாலமணிகண்டன்.

அவனுக்கும் முதலில் வரவில்லை. ஸ்ரீமதி கத்தினாள். "மேல புடிச்சுக்கிட்டுச் சீவு மாப்ள. நுனியில இருந்து வா" என்று அனீஸ் சொல்லிக்கொடுத்தான். ரைஹானா மேற்பார்வை பார்த்தாள். சௌடேஸ்வரி கீழேயிருந்து டீயும் காராச்சேவும் கொண்டுவந்தவள், இரண்டு ஆண்கள் சேர்ந்து பிள்ளைக்குப் பேன் பார்ப்பதை நின்று பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அவள் பார்க்காத காட்சி. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து, தன் பின்கொண்டையையும் அவிழ்த்துவிட்டாள்.

"அப்படியே எனக்கும் ஒரு பார்வை பாத்து விட்டுருங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் துண்டை உதறிப் பார்த்ததில் ஒன்றும் விழவில்லை. அடுத்த வாரம் இன்னொரு தடவை சீவவேண்டும், அதுவரைக்கும் கவலையில்லை. இரண்டு பேரும் ஸ்கூட்டரில் காரியாபட்டிக்குக் கிளம்பினார்கள். நாலுவழிச் சாலையின் இருபுறமும் உழுதுபோட்ட கரிசல் மழைக்குக் காத்துக் கிடந்தது. ரைஹானா அத்தாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள். பாதி காற்றோடு போயிற்று. கேட்ட பாதிக்கு அவன் பதில் சொன்னான், கேட்காத பாதிக்கு ஊம் கொட்டினான். ஊம் கொட்டியதைக் கண்டுபிடித்து அவள் முதுகில் ஒரு குத்துவிட்டாள்.

தங்கை வீட்டு வாசலில் வண்டிச் சத்தம் கேட்டு ஷஹீனா ஓடிவந்தாள். மகளைக் கட்டிக்கொண்டவளின் கை சடையில் நின்றது.

"யாரு பின்னி விட்டா? சௌடேஸ்வரியா?"

"அத்தாதான். பேனும் அவுகதான் பாத்தாக" என்று தொடங்கியவள், சலூன், அறுந்த செருப்பு, தறிக்கொட்டகை, எடுக்காத போன் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டாள். இத்தனை நாள் காப்பாற்றிய ரகசியம் ஒரு மூச்சில் போயிற்று. அனீஸ் செருப்பைக் கழற்றுவதில் மும்முரமாக இருந்தான். ஷஹீனா அவனைப் பார்த்தாள். திட்டத்தான் போகிறாள் என்று நினைத்தான். அவள் முக்காட்டு முனையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரித்தாள்.

உள்ளே தங்கை கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் துணிச்சுருளுக்குள் குழந்தை. "தூக்குங்க மச்சான்" என்றாள். அனீஸ் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"எனக்குத் தூக்கத் தெரியாதும்மா."

அது உண்மைதான். ரைஹானா பிறந்தபோது அவன் தம்மாமில் இருந்தான். முதல் முதலாக அவளைத் தொட்டபோது அவள் நடக்கத் தொடங்கியிருந்தாள். இவ்வளவு சின்ன உயிரை அவன் கையில் வாங்கியதே இல்லை.

"நான் காட்டுறேன்" என்றாள் ரைஹானா. அவனைச் சுவரோரம் பாயில் உட்காரவைத்தாள். கைகளை வளைத்துக்கொள்ளச் சொன்னாள். ஷஹீனா குழந்தையைக் கொண்டுவந்து அந்த வளைவுக்குள் வைத்தாள்.

"கழுத்துக்குக் கீழ கையை வைங்கத்தா. தலை தொங்கக்கூடாது" என்றாள் ரைஹானா. அவளே அவன் உள்ளங்கையைப் பிடித்துச் சரியான இடத்தில் நகர்த்தி வைத்தாள்.

புசுபுசுவென்று ஒரு பிடி முடி, மூடிய கண், உதட்டில் ஒரு குமிழ். அனீஸ் மூச்சைக்கூட மெதுவாக விட்டான். குழந்தை ஒரு தடவை நெளிந்தது. பிறகு அவன் வெள்ளைச் சட்டையின் முன்பக்கம் முழுவதும் வெதுவெதுப்பாக நனைந்து, வேட்டிவரைக்கும் இறங்கியது.

"அய்யோ, சட்டை" என்று ஷஹீனா துணியை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"இருக்கட்டும், இருக்கட்டும். தூங்குது, எழுப்பிராத" என்றான் அனீஸ். ரைஹானா அவன் தோளில் நாடியை ஊன்றிக்கொண்டு குழந்தையைப் பார்த்தாள். இரண்டு பேரும் அப்படியே ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.